ஒவ்வொரு தலைமுறையும் கட்டவேண்டிய ஆலயம்

ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், செயின்ட் மேரி வளைகுடாவை ஒட்டியே ஓடுகிறது அந்தப் பழைய சாலை. ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி இருபுறமும் மர வீடுகள். முற்றங்களில் சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. நவம்பர் கடைசியில்தான் அவை மறுபடியும் கடலுக்குப் போகும். வீட்டுக்கு வீடு கொடிக்கம்பம். கொடியில் நீலம், வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகள். நீலப் பட்டையின் மேல் மூலையில் ஒரு மஞ்சள் நட்சத்திரம். அது மரியன்னையின் நட்சத்திரம், கடலில் போகிறவர்களுக்கு வழிகாட்டும் நட்சத்திரம். விண்ணேற்புப் பெருவிழாவான ஆகஸ்ட் 15 இங்கே வாழும் அகேடியர்களுக்குத் தேசியத் திருநாளும்கூட. அன்று பானை, தட்டு, கரண்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். ‘இன்னும் இருக்கிறோம்’ என்று ஊருக்கும் வானத்துக்கும் சொல்கிற சத்தம் அது. திருநாள் முடிந்துவிட்டது, கொடிகள் இன்னும் இறங்கவில்லை.

சர்ச் பாயின்ட் வருவதற்கு வெகு முன்பே கோபுரம் தெரிந்துவிடுகிறது. வீட்டுக் கூரைகளுக்கு மேலே, மரங்களுக்கும் மேலே, கூராக ஒன்று. நெருங்க நெருங்க அதன் தோள்கள் தெரிகின்றன. நடுவில் பெரிய கோபுரம், அதை ஒட்டிச் சிறு கூம்புகள், பிறகு நீண்டு பின்னால் போகும் ஆலயத்தின் உடல். சாலைக்கு வந்து நின்று நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. 185 அடி, மீட்டரில் சொன்னால் 56-க்கும் அதிகம். முழுவதும் மரம். வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய மர ஆலயங்களுள் ஒன்று என்ற பெயர் இந்தப் புனித மரியன்னை ஆலயத்துக்கு உண்டு.

வாசல் பூட்டியிருக்கிறது.

ஒரு கார் வேகம் குறைத்து ஓரமாக நிற்கிறது. வெளியூர்க்காரர்கள். கணவர் படம் எடுக்கிறார். கோபுரம் முழுவதும் சட்டத்துக்குள் அடங்கவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கிச் சாலையின் மறுபக்கம் வரை போய்விடுகிறார். மனைவி படியேறிப் போய்க் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு மாணவர்கள் பிரெஞ்சில் பேசிச் சிரித்தபடி நடந்து போகிறார்கள். தினமும் பார்க்கிற கட்டடத்தை அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர். தொப்பி, தடித்த பருத்திச் சட்டை, வலை இழுத்துப் பழகிய கைகள். ஆலயத்துக்கு நேரே வந்ததும் நடை நிற்கவில்லை. கை மட்டும் தொப்பியை எடுக்கிறது. நான்கைந்து அடி நடந்ததும் தொப்பி மறுபடி தலைக்குப் போகிறது. பூட்டிய கதவுக்கும் வணக்கம் உண்டு.

*

கிட்டே போய்ச் சுவரைப் பார்க்கவேண்டும். தூரத்தில் ஒரே பரப்பாகத் தெரிவது கிட்டத்தில் ஆயிரமாயிரம் துண்டுகளாகப் பிரிகிறது. உள்ளங்கை அகல மரச்செதில்கள். கீழ்வரிசையின் ஆணித்தலைகளை மேல்வரிசை மூடும்படி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடிக்கப்பட்டவை. மழை மேலிருந்து வழிந்து ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு இறங்கிப் போய்விடவேண்டும், ஆணியைத் தொடக்கூடாது. அதுதான் கணக்கு. காற்று வருகிற திசையில் செதில்கள் வெளிறி, ஓரம் சுருண்டு நிற்கின்றன. சில இடங்களில் ஒன்று பிளந்திருக்கிறது, ஒன்று விழுந்து ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. விழுந்த இடத்தில் உள்ளே இருக்கும் பலகை கறுத்திருக்கிறது. அந்தக் கறுப்பு ஓர் அங்குலம் நகர எத்தனை மழை வேண்டும் என்பது இங்கே பிறந்த எந்தத் தச்சனுக்கும் தெரியும்.

வளைகுடாவின் காற்று லேசான காற்று இல்லை. ஃபண்டி விரிகுடாவின் வாயில் இருக்கிறது இந்தக் கரை. உலகிலேயே மிக உயரமான ஓதங்கள் எழுகிற கடல் அது. குளிர்காலப் புயலில் 56 மீட்டர் மரக் கோபுரம் எப்படி நிற்கும்? கட்டியவர்கள் கப்பல் கட்டிப் பழகியவர்கள். பாய்மரக் கப்பல் சாயாமலிருக்க அடித்தட்டில் கல் ஏற்றுவார்களே, அப்படியே கோபுரத்தின் அடியிலும் கல்லை ஏற்றினார்கள். நாற்பது டன். மேலே எவ்வளவு ஆடினாலும் கீழே கனம் பிடித்து நிறுத்தும். கட்டடக்கலை படித்துக் கற்ற வித்தை இல்லை இது. கடலில் கற்றது, கரைக்குக் கொண்டுவந்தது.

*

இந்த மக்களின் கதையில் இதற்கு முன்னும் ஓர் ஆலயம் உண்டு. அங்கே கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து இந்தக் கடலோரத்தில் குடியேறியவர்கள் அகேடியர்கள். ஓதம் ஏறி மூழ்கடிக்கும் சதுப்பை அணை கட்டித் தடுத்தார்கள். அணையின் அடியில் மரக் குழாய் வைத்து, அதற்குள் ஒரு கதவு தொங்கவிட்டார்கள். ஓதம் இறங்கும்போது உள்ளே இருக்கும் மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஓதம் ஏறும்போது கடலே அந்தக் கதவை அழுத்தி மூடிக்கொள்ளும். சில ஆண்டுகளில் மழை உப்பைக் கழுவிவிட, அந்த மண்ணில் கோதுமை விளைந்தது. 1713-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நாடு பிரிட்டன் கைக்குப் போனது. அகேடியர்கள் மண்ணை விடவில்லை. எந்தப் பக்கத்துப் போரிலும் ஆயுதம் எடுக்கமாட்டோம், எங்களை எங்கள் மதத்தோடு விட்டுவிடுங்கள் என்றார்கள். நிபந்தனை எதுவுமில்லாத விசுவாசப் பிரமாணம் வேண்டும் என்றது பிரிட்டிஷ் நிர்வாகம். கேட்டார்கள், மறுத்தார்கள், நாற்பதாண்டுகள் இப்படியே போயின. 1755 ஜூலை 28 அன்று துணை ஆளுநர் சார்ல்ஸ் லாரன்ஸின் ஆலோசனைச் சபை முடிவெடுத்தது: எல்லாரையும் அப்புறப்படுத்துவது.

செப்டம்பர் 5. கிராண்ட் ப்ரே கிராமத்தின் புனித சார்ல்ஸ் ஆலயத்துக்குப் பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாரும் வரவேண்டும் என்று ஆணை. மாசசூசெட்ஸிலிருந்து வந்த கர்னல் ஜான் வின்ஸ்லோ அதே ஆலயத்தைத்தான் தன் படைமுகாமாக வைத்திருந்தார். 418 பேர் உள்ளே வந்தார்கள். கதவு மூடப்பட்டது. நிலமும் கால்நடைகளும் அரசுடைமை, கையில் எடுத்துக்கொள்ள முடிந்த பணமும் வீட்டுச் சாமான்களும் மட்டும் உங்களுடையவை, உங்களை நாட்டைவிட்டு அனுப்புகிறோம் என்று வாசிக்கப்பட்டது. அப்பன் ஞானஸ்நானம் பெற்ற இடத்திலேயே மகன் கைதியானான். அடுத்த எட்டாண்டுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் கப்பலேற்றப்பட்டு ஆங்கிலக் காலனிகளுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சிதறடிக்கப்பட்டார்கள். கப்பலிலேயே நோயில் செத்தவர்கள், கடலில் மூழ்கியவர்கள் ஏராளம்.

சாமான்களில் எதை எடுப்பது? கிராண்ட் ப்ரே மக்கள் எடுத்துப்போனவற்றுள் பங்கின் பதிவேடுகளும் இருந்தன. யார் யாருக்குப் பிறந்தார், யாரை மணந்தார், எப்போது மண்ணுக்குப் போனார் என்று குருக்கள் எழுதிவைத்த ஏடுகள். அவை ஆங்கிலக் காலனிகளின் வழியாக, அகதிகளோடு அகதிகளாக லூயிசியானா வரை போய்ச் சேர்ந்தன. அங்கே மிசிசிப்பிக் கரையில் அகேடியர்கள் எழுப்பிய புனித கபிரியேல் ஆலயத்தில் பல காலம் இருந்தன. இன்று பேட்டன் ரூஜ் மறைமாவட்டத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. நிலப்பட்டா போனது, வீடு போனது. பெயர்ப் பட்டியல் போகவில்லை. எந்த அரசும் இவர்கள் யார் என்று எழுதித் தராத காலத்தில் அதை எழுதிவைத்த ஒரே இடம் ஆலயம். இவர்கள் ஏன் போன இடமெல்லாம் முதலில் ஆலயம் கட்டினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

*

1764-இல் திரும்பி வரலாம் என்றது அரசு. சிறு சிறு குழுக்களாகப் பிரிந்துதான் வாழவேண்டும் என்பது நிபந்தனை. வந்தவர்கள் தங்கள் பழைய வயல்களில் வேறு ஆட்கள் உழுவதைக் கண்டார்கள். அணை கட்டி மீட்ட மண்ணை நியூ இங்கிலாந்துக் குடியேறிகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. மீதியிருந்தது இந்தச் செயின்ட் மேரி வளைகுடாவின் கரை. பாறை, காடு, உப்புக்காற்று. உழுவதற்கு வந்தவர்கள் விரும்புகிற நிலம் இல்லை. 1768-இல் ஜோசப் துகா என்பவர் தன் குடும்பத்தோடு முதலில் வந்து குடியமர்ந்தார். பின்னாலேயே கொமோ, பெல்லிவோ, திபோதோ, மெலான்சோன், சோல்னியே, லெப்லான் என்று பழைய குடும்பங்கள். இன்றைக்கும் இந்தச் சாலையில் தபால்பெட்டிக்குத் தபால்பெட்டி அதே பெயர்கள்.

முதல் குளிர்காலங்களில் பசியாற்றியது கடல். ஓதம் வடிந்த சேற்றில் பெரிய பெரிய மட்டிகள். அந்த மட்டிகளின் பெயரையே ஓர் ஊருக்கு வைத்துவிட்டார்கள். குரோஸ் கோக் என்ற அந்த ஊர் சர்ச் பாயின்ட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மட்டியையோ கோழியையோ வேகவைத்த சாற்றை, துருவிப் பிழிந்த உருளைக்கிழங்கில் ஊற்றி அடுப்பில் மணிக்கணக்கில் வேகவிடும் ராப்யூர் இன்றும் இந்தக் கரையின் விருந்துச் சாப்பாடு.

ஆலயம் கட்டுவது சுலபமாக இருக்கவில்லை. கத்தோலிக்கக் குருக்கள் மாகாணத்தைவிட்டு வெளியேறவேண்டும், இல்லையேல் சிறை என்று 1758-இல் போட்ட சட்டம் 1783 வரை நீடித்தது. அந்தச் சட்டம் உயிரோடு இருக்கும்போதே, 1774-இல், குரோஸ் கோக் அருகே ஒரு சிற்றாலயத்தை எழுப்பிவிட்டார்கள். குருவானவர் எப்போதாவது வருவார். அகேடியக் குடும்பத்திலேயே பிறந்த ஜோசப்-மத்யூரன் பூர்க் இந்தக் கரைகளைச் சுற்றி வந்தவர். அவர் இல்லாத மாதங்களில் பெரியவர் ஒருவர் முன்னின்று ஜெபம் சொல்வார். குழந்தைக்கு வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். குரு வந்ததும் அதையெல்லாம் ஏட்டில் எழுதி முறைப்படுத்துவார்.

1799-இல் ஒருவர் வந்தார், போகவில்லை. ழான்-மாந்தே சிகோன். பிரான்சின் தூரேன் பகுதிக்காரர், வயது முப்பத்தாறு. பிரெஞ்சுப் புரட்சி அரசு குருக்களிடம் கேட்ட உறுதிமொழியை எடுக்க மறுத்து, இங்கிலாந்துக்குத் தப்பி, அங்கே உழைத்துப் பிழைத்தவர். ஒரு பிரமாணத்தை மறுத்ததால் மண்ணை இழந்த மக்களுக்கு, வேறொரு பிரமாணத்தை மறுத்ததால் மண்ணை இழந்த குரு. இப்படி ஒரு பொருத்தத்தை யாரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது.

வந்தவருக்கு இரண்டு பங்குகள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒருநாளில் கடக்க முடியாத காட்டுவழி. குதிரை, படகு, நடை. சச்சரவைத் தீர்க்க ஊர்க்கட்டுப்பாடுகளை எழுதிக் குடும்பத் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கினார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். மிக்மாக் பழங்குடியினரின் மொழியைக் கற்று அவர்களுக்கும் குருவாக இருந்தார். சமாதான நீதிபதியாக அரசாங்கத்தோடு ஆங்கிலத்தில் பேசி, பத்திரம் எழுதி, வழக்குத் தீர்த்தார். நாற்பத்தைந்து ஆண்டுகள். ஆலயங்களைக் கட்டிக்கொண்டே இருந்தார். 1820-இல் பெருந்தீ ஒன்று காட்டிலிருந்து இறங்கி வந்து சர்ச் பாயின்ட்டை எரித்தது. ஆலயம், குருமனை, பல வீடுகள். சாம்பல் ஆறியதும் இன்னோர் ஆலயத்துக்கு மரம் வெட்டினார்கள். 1844 நவம்பரில் சிகோன் இறந்தபோது இந்தக் கரை முழுவதும் பங்குகளாகிவிட்டிருந்தது.

அகேடியர்களின் துயரத்தை வெளியுலகம் பரவலாக அறிந்தது அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 1847-இல், அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் ‘எவாஞ்சலின்’ நெடுங்கவிதை வழியாக. அது பிரிந்து போனவர்களின் கதை. திரும்பி வந்து, பாறையைக் கீறி, எரிந்ததை மறுபடி கட்டியவர்களின் கதை இந்தச் சாலையோரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

*

சிகோனின் நினைவாக 1890-இல் யூடிஸ்ட் சபைக் குருக்கள் புனித அன்னாள் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1899-இல் அதுவும் எரிந்தது. அதையும் மறுபடி எழுப்பினார்கள். இன்று நோவா ஸ்கோஷியாவில் பிரெஞ்சு வழியில் கற்பிக்கும் ஒரே பல்கலைக்கழகம் அதுதான். சற்று முன் நடந்து போன இரண்டு மாணவர்கள் அங்கே படிப்பவர்கள்.

அந்தச் சபையின் குரு பியேர்-மரி தாஞோவின் காலத்தில்தான் இன்றைய ஆலயம் எழுந்தது. 1903-இல் தொடங்கி 1905-இல் முடிந்தது. வரைபடம் பிரான்சிலிருந்து வந்தது. அந்த நாட்டில் கல்லில் கட்டுகிற வடிவம். இங்கே கல் கொத்தனார்கள் இல்லை, தச்சர்கள் இருந்தார்கள். பொறுப்பை ஏற்றவர் லியோ மெலான்சோன் என்ற உள்ளூர்த் தச்சர். எழுதப் படிக்கத் தெரியாதவர். கடல்கடந்து வந்த வரைபடத்தின் எழுத்து அவருக்குப் புரியாது, கோடு புரிந்தது. ஒரு வளைவைப் பார்த்தால் அதற்கு எந்த மரம், எந்த நீளம், எந்தப் பொருத்து என்று கைக்குத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கப்பலின் விலாவை வளைத்தவர்களின் ஊர் இது. பக்கத்து மெட்டேகன் துறையில் மரக்கலங்கள் கட்டி இறக்கிய கைகள், ஓய்ந்த நேரமெல்லாம் இங்கே வந்தன. ஏறத்தாழ 1,500 பேர் கூலி வாங்காமல் உழைத்ததாகக் கணக்கு. மரம் தன் காட்டிலிருந்து, மாடு தன் கொட்டிலிலிருந்து, ஆள் தன் வீட்டிலிருந்து.

ஆலயம் திறந்திருந்த நாட்களில் உள்ளே போனவர்கள் முதலில் கவனித்தது தூண்கள். வெள்ளையாக, உருண்டையாக, மேலே போய் வளைவுகளாக விரியும் தூண்கள். பார்த்தால் பளிங்கு என்றே நினைக்கத் தோன்றும். தட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். ஒவ்வொரு தூணும் எழுபது அடி உயர முழு மரம். வேரை மட்டும் விட்டுவிட்டுக் காட்டிலிருந்து அப்படியே கொண்டுவந்து நிறுத்தி, சுற்றிச் சாந்து பூசியிருக்கிறார்கள். பூச்சுக்குள்ளே அந்த மரங்கள் இன்றும் நின்றபடியே இருக்கின்றன. கூரையின் கனம் நூறாண்டுகளுக்கும் மேலாக அவற்றின் மேல். ஜன்னல்களில் பிரான்சிலிருந்து வந்த வண்ணக் கண்ணாடிகள். கோபுரத்தில் மூன்று மணிகள், அவையும் பிரான்சில் வார்த்தவை. பனி மூடிய விடியலில் படகில் போனவனுக்குக் கரை எந்தப் பக்கம் என்று சொன்னவை.

முதலில் கோபுரம் இன்னும் உயரம். 212 அடி. 1914-இல் இடி விழுந்து அதன் உச்சி போனது. மறுபடி கட்டும்போது சற்றுத் தாழ்த்திக் கட்டினார்கள். இப்போது நிமிர்ந்து பார்ப்பது இரண்டாம் முறை கட்டிய உச்சி.

இந்தக் கட்டடத்தின் இயல்பே இதுதான். மரத்தில் கட்டியது ஒருமுறை கட்டி முடிப்பதில்லை. செதில் முப்பது நாற்பது ஆண்டுகளில் உழைத்துத் தேயும். யாராவது மேலே ஏறி மாற்றவேண்டும். கூரையின் மூலையில் தண்ணீர் இறங்கும். யாராவது பார்த்து அடைக்கவேண்டும். அப்பன் ஏறினான், பிறகு மகன் ஏறினான். கயிற்றில் தொங்கியபடி அறுபது அடி உயரத்தில் ஆணி அடித்த கைகளின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் ஏறியதால்தான் 1905-இல் எழுந்தது நம் கண்முன் நிற்கிறது.

*

இதே கரையில் வடக்கே போனால் செயின்ட் பெர்னார்டில் இன்னோர் ஆலயம் இருக்கிறது. கருங்கல். 1910-இல் தொடங்கி 1942-இல் முடித்தார்கள். கையில் பணமிருந்த அளவுக்கு ஆண்டுக்கு ஒரு வரிசைக் கல் என்று சொல்வார்கள். தூரத்திலிருந்து வந்த கல்லை மாட்டுவண்டிகள் இழுத்தன. முதல் கல்லை வைத்தவர்களில் பலர் கூரையைப் பார்க்காமலே போனார்கள். மரத்திலும் கல்லிலும் இரண்டு விதமாக ஒரே மக்கள் தங்கள் இருப்பை எழுதிவைத்தார்கள்.

ஆனால் எழுதுகிற கைகள் குறைந்தன. பிள்ளைகள் மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸுக்கும் அதற்கு அப்பாலும் வேலைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு வருகிறவர்கள் சில டஜன் என்றாகிவிட்டது. குளிர்காலத்தில் அவ்வளவு பெரிய இடத்தைச் சூடாக்கவே காணிக்கை போதவில்லை. கூரையில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பழுது பார்க்கத் தேவைப்பட்ட தொகை மில்லியன் கணக்கான டாலர்கள். ஒரு சிறு பங்கின் தோளுக்கு மீறிய கனம். 2019 கிறிஸ்துமஸ் நள்ளிரவை ஒட்டி இங்கே கடைசித் திருப்பலி நடந்தது. காப்பாற்றவேண்டும் என்று ஊரார் ஒரு சங்கம் அமைத்து நிதி திரட்டினார்கள். வேண்டியது வந்து சேரவில்லை. பிறகு வழிபாட்டுத்தலம் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டு, கட்டடம் விற்பனைக்கு என்று அறிவிக்கப்பட்டது. இம்முறை எந்தப் படையும் வரவில்லை, எந்த ஆணையும் வாசிக்கப்படவில்லை. மழையும் கணக்குப் புத்தகமும் போதுமாக இருந்தன.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? மறைமாவட்டத்துக்குக் காக்கவேண்டிய வேறு கூரைகளும் உண்டு. ஊராருக்குப் பிள்ளைகளின் படிப்பும் படகின் கடனும் உண்டு. உழைத்துக் களைத்த ஓர் ஊரைப் பார்த்து ‘உங்கள் முன்னோர்கள் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா’ என்று கேட்க வெளியாளுக்கு உரிமை இல்லை.

சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 2003-இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் பெயரால் கனடா ஒரு பிரகடனம் வெளியிட்டது. 1755-இல் தொடங்கிய நாடுகடத்தலும் அதனால் விளைந்த துன்பமும் அதில் அரசுமுறையாக ஒப்புக்கொள்ளப்பட்டன. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 28 நினைவுநாள். நினைவுகூரல் நல்லது. ஆனால் பட்டதை மட்டும் நினைவுகூர்ந்தால் ஒரு மக்களின் பாதியைத்தான் நினைக்கிறோம். செய்தது மீதிப் பாதி. அகேடியர்கள் பட்டதற்குக் கிராண்ட் ப்ரே சாட்சி. அதை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அவர்கள் செய்ததற்குச் சாட்சி இங்கே செதில் உதிர்ந்து நிற்கிறது. துயரத்தின் இடத்துக்குக் கிடைக்கிற கவனத்தில் கொஞ்சமாவது திறமையின் இடத்துக்கும் கிடைக்கவேண்டும். அதைக் காப்பது ஒரு பங்கின் செலவாக இருக்கக்கூடாது. நாட்டின் செலவாக இருக்கவேண்டும்.

ஆலயமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. கச்சேரி நடக்கட்டும், நூலகம் வரட்டும், மரவேலைப் பள்ளி வரட்டும். எழுபதடி மரத்தைப் பூச்சுக்குள் நிறுத்தியது எப்படி, நாற்பது டன் கல்லை எந்த இடத்தில் ஏற்றினார்கள், வளைவின் பொருத்தை எப்படிச் செதுக்கினார்கள் என்பதையெல்லாம் இளந்தச்சர்கள் இந்தக் கட்டடத்தைப் பழுது பார்த்தே கற்கலாம். எழுதத் தெரியாத ஒருவர் விட்டுப்போன பாடம் இது. அவர் நூல் எழுதிவைக்கவில்லை, கட்டிவைத்தார். அதைப் பிரித்துத் தள்ளிவிட்டால் அந்தப் பாடத்துக்கு வேறு பிரதி இல்லை.

1774-இல் சட்டத்தை மீறிக் கட்டினார்கள். 1820-இல் எரிந்தபின் கட்டினார்கள். 1905-இல் கூலியில்லாமல் கட்டினார்கள். 1914-இல் இடி விழுந்தபின் கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தலைமுறைக்கு ‘இதைவிட அவசரமான வேலைகள் இருக்கின்றன’ என்று சொல்லக் காரணம் இருந்தது. சொல்லாமல் ஏணியை எடுத்தார்கள். இப்போது ஏணி கனமானதுதான். ஓர் ஊர் தனியாகத் தூக்க முடியாது. தூக்குவதற்கு ஒரு மாகாணமும் ஒரு நாடும் உடன் வந்தால் முடியும். வரவேண்டும்; கூரையில் இறங்கும் தண்ணீர் இன்னொரு தலைமுறைக்காகக் காத்திருக்காது.